ஆவாரம்பட்டையில் ஊறிய ஆட்டுத்தோல் அப்பளமாகிறது, முயல் தோலில் மயிர் கொட்டுகிறது: எங்கே தப்பு?

நாங்குநேரி கைவேலை:

எல்லாருக்கும் வணக்கம். சுருக்குப்பை, சாவிக்கொத்து, நோட்டு அட்டை மாதிரி சின்னச் சாமான் செய்யத் தோலை வீட்டளவில் பதனிடுகிறோம். கிடைப்பது ரெண்டு வகை. கோயில் கொடையில் வெட்டும் வெள்ளாட்டுத் தோல், ஒவ்வொன்றும் பச்சையாக ஒன்றரை முதல் ரெண்டு கிலோ. அப்புறம் பண்ணையில் கறிக்கு உரிக்கும் வெள்ளை முயல் தோல். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் போட்டு மயிர் எடுத்து, அலசி, ஆவாரம்பட்டையில் போடுகிறோம். முயல் தோலை மயிரோடு படிகாரத்தில் போடுகிறோம்.

மூணு கோளாறு வருகிறது. ஆட்டுத்தோல் மேலுக்கு நல்ல நிறமாக இருக்கிறது, காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கிறது, மடித்தால் கீறல் விழுகிறது. வெட்டிப் பார்த்தால் நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. ரெண்டாவது, அங்கங்கே நீலக் கறுப்பில் திட்டு. மூணாவது, முயல் தோலில் வயிற்றுப் பக்கம் மயிர் கொத்தாகக் கையோடு வருகிறது.

ரெண்டு கிலோ காய்ந்த பட்டையைக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஒரே தடவையில் தோலை முக்கிப் பத்து நாள் வைக்கிறோம். தண்ணீர் போர்வெல். தோல் காலையில் கையில் கிடைத்தால் சாயங்காலத்துக்குள் உப்பு போட்டுவிடுவோம். பட்டையில்தான் சத்து இல்லையோ? மலையில் வளர்கிற வாட்டில் மரத்துப் பட்டைக்கு மாறலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவாரங்காடு:

தங்கச்சி, பட்டையைக் குறை சொல்லாதீங்க. நல்ல ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிடுகிற துவர்ச்சத்து (டானின்) நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வரைக்கும் உண்டு. திருநெல்வேலிச் செவக்காட்டில் சும்மா கிடக்கிற இந்தச் செடியின் பட்டையை வைத்துத்தான் நம்ம தமிழ்நாட்டுத் தோல் ஒரு காலத்தில் கப்பல் ஏறியது. வாட்டில் அதைவிடக் காரமான சரக்கு. அதுக்கு மாறினால் உங்க வெள்ளைக் கோடு இன்னும் தடிக்கும்.

அந்தக் கோடுதான் எல்லாத்தையும் சொல்லுது. முதல் நாளே முழுக் காரத்தில் தோலை முக்கினால் மேல்பரப்பு உடனே துவர்ப்பைக் குடித்து இறுகிப்போகும். அதுக்கு அப்புறம் உள்ளே எதுவும் இறங்காது. பத்து நாள் என்ன, ஒரு மாசம் கிடந்தாலும் நடு பச்சையாகவே இருக்கும். பச்சைத் தோல் காய்ந்தால் விறைக்கத்தான் செய்யும்.

ஊறல், அதாவது பட்டை ஊறின தண்ணீர், இளசில் ஆரம்பித்து முற்றலுக்குப் போகணும். மயிரும் சதையும் எடுத்து, தண்ணீர் வடிந்த தோல் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்க. முதல் ஊறலுக்கு 250 கிராம் காய்ந்த பட்டையை இடித்து ஆறு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வடிகட்டுங்க. ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் தோலைச் சும்மா விடக்கூடாது. முதல் நாள் மணிக்கு ஒரு தடவையாவது தூக்கிப் புரட்டணும், மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டினால் அந்த இடம் வெளுத்து நிற்கும். அப்புறம் 400 கிராம் புதுப் பட்டை, நாலு நாள். அடுத்து 500 கிராம், ஒரு வாரம். பட்டையையும் தோலையும் அடுக்கடுக்காகப் போட்டு மேலே ஊறலை ஊற்றினால் இன்னும் நல்லது. இந்தக் கடைசி ஊறலைக் கொட்டிவிடாதீங்க. காரம் போன பழைய ஊறல்தான் அடுத்த தோலுக்கு அருமையான முதல் ஊறல்.

பட்டையில் சத்து இறங்க வெந்நீர் ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் தோல் உள்ளே போகும்போது தண்ணீர் கைக்குச் சூடு தெரியக்கூடாது. பதனிடாத தோல் 60 டிகிரியை ஒட்டிச் சுருண்டுவிடும், சுண்ணாம்பு ஏறின தோல் அதுக்கும் முன்னாடியே.

முடிந்ததா என்று பார்க்கக் கழுத்துப் பக்கம் ஓரத்தில் ஒரு நூல் அகலம் சீவுங்க. தோலில் தடிப்பான இடம் அதுதான், வயிற்றைப் பார்த்து ஏமாறக்கூடாது. வெட்டுவாய் முழுக்க ஒரே பழுப்பாக இருக்கணும். அந்தச் சீவலையே 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிஷம் போடுங்க. நீட்டமாகக் கிடந்தால் தோல் வெந்தது, அதாவது துவர்ப்பு நடுவரை இறங்கியாச்சு; ரப்பர் மாதிரி சுருண்டால் வேகலை, திரும்ப ஊறலுக்குப் போங்க.

கடைசியில் கடுக்காய். ஆவாரந்தோல் வெளிச்சம் படப்படச் செவந்துகொண்டே போகும். கொட்டை நீக்கின கடுக்காய்த் தோடு 150 கிராமைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஆறியதும் ரெண்டு நாள் தோலைப் போட்டால் அந்தச் செவப்பு அடங்கி வைக்கோல் நிறத்தில் நிற்கும். கொட்டையில் துவர்ப்பு ஒன்றும் இல்லை, அதைச் சேர்த்து இடித்தால் எடைதான் வீண்.

ஆனால் ஒரு சந்தேகம். மயிர் எடுத்த பிறகு "அலசி" என்று எழுதியிருக்கீங்க. வெறும் தண்ணீரில் அலசினீங்களா? அப்படியானால் விறைப்புக்கு ரெண்டாவது காரணமும் அங்கேயே இருக்கு.

நாங்குநேரி கைவேலை:

ஆமாம் அண்ணாச்சி, நாலைந்து தடவை வெறும் தண்ணீரில்தான். கடைசித் தண்ணீர் தெளிவாக வந்ததும் நிறுத்தினோம்.

ஆவாரங்காடு:

தண்ணீர் தெளிந்துவிடும், தோலுக்குள் சுண்ணாம்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்பு இருக்கிற தோல் பட்டையில் இறங்கினால் துவர்ப்பு மேலேயே திரிந்து படியும், நிறம் கறுக்கும், மேல்தோல் நொறுங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி நம்ம வீட்டிலேயே இருக்கு. கழுத்தோரம் ஒரு சீவல் எடுத்து, வெட்டுவாயில் மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு வையுங்க. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிற அதே சங்கதிதான். வெட்டுவாயின் நடுவில் குங்குமக் கோடு மாதிரி செவந்தால் சுண்ணாம்பு உள்ளே இருக்கு. முழுக்க மஞ்சளாகவே நின்றால் போயாச்சு. வெளி விளிம்பு மஞ்சளாகவும் நடு செவப்பாகவும் இருக்கும்போதுதான் நிறையப் பேர் அவசரப்பட்டுப் பட்டைக்குப் போவாங்க.

சுண்ணாம்பை எடுக்க அமோனியம் சல்பேட் உரம் போதும். ஒரு கிலோ தோலுக்கு 20 முதல் 30 கிராம், மூணு லிட்டர் வெதுவெதுப்பான நீரில், ஒரு மணி நேரம் புரட்டணும். மூக்கைப் பிடுங்கும் அமோனியா நெடி வரும், அதனால் முற்றத்தில் வைத்துச் செய்யுங்க. மஞ்சள் வைத்துப் பாருங்க, செவந்தால் இன்னொரு தடவை.

அப்புறம் தவிட்டுக் காடி. லிட்டருக்கு 50 கிராம் கோதுமைத் தவிடு, வெதுவெதுப்பான நீரில் முந்தின ராத்திரியே கரைத்துப் புளிக்க வைக்கணும். தோலைப் போட்டதும் சில மணி நேரத்தில் குமிழ் விட்டு மிதக்கும், அமுக்கி விடுங்க. பெருவிரலால் அழுத்தினால் ரேகை பதிந்து அப்படியே நிற்கணும், அதுதான் பதம். புத்தகங்களில் ஒரு நாள் என்று எழுதியிருக்கும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது ஆகாது. மூணு மணிக்கு ஒரு தடவை பாருங்க. விட்டால் காடி தோலையே தின்று ஊசிக்குத்து மாதிரி ஓட்டை போட்டுவிடும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ தோலுக்கு 100 கிராம் நீத்துப்போன சுண்ணாம்பு, நாலு லிட்டர் தண்ணீர், தினம் ரெண்டு தடவை கலக்கல், நாலு முதல் ஏழு நாள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே சுத்தம். கல் சுண்ணாம்பை முந்தின நாளே தனிப் பாத்திரத்தில் நீற்றி, நன்றாக ஆறவிட்டுத்தான் வாளிக்குக் கொண்டுவரணும். சூட்டோடு போட்டால் தோல் வெந்துபோகும். முழங்கை வரை ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் அந்த வாளியைத் தொடவே வேண்டாம். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து.

உப்பும் தோலும்:

அக்கா, மத்த சங்கதியை அண்ணாச்சி சொல்லிட்டாக. மயிர் கொட்டுறதைப் பத்தி மட்டும் நான் சொல்லுதேன். காலைல கெடச்ச தோலுக்குச் சாயங்காலம் உப்புன்னு எழுதியிருக்கிய பாருங்க, அங்கதான் தோல் செத்துப்போச்சு. படிகாரத்துல எந்தக் குத்தமும் இல்ல.

உரிச்ச தோல் சூடா இருக்கும். அதைச் சுருட்டிப் பையில போட்டா உள்ள இருக்கிற சூடு போவாது, மயிர்க்காலுல கிருமி ஏறிரும். வயித்துப் பக்கம்தான் தோலு மெல்லிசு, குடலுக்கும் பக்கம், அதனால மொதல்ல அங்கதான் கழலும். அப்படிக் கழண்ட மயிரை ஒலகத்துல எந்த மருந்தும் திரும்பப் புடிச்சு நிறுத்தாது. உப்பு போடுறதுக்கு முன்னாடி வயித்து மயிரை ரெண்டு விரலால லேசா இழுத்துப் பாருங்க. வந்துட்டுன்னா அந்தத் தோலை மயிரோட பதனிடாதிய, சுண்ணாம்புக்கு அனுப்பிருங்க. வயித்துல பச்சை ஓடியிருந்தாலும் அதே கததான்.

உரிச்ச ஒடனே நெழல்ல விரிச்சுப் போட்டு ஆற விடணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள உப்பு. ஆட்டுத்தோலுன்னா ரெண்டு கிலோவுக்கு எழுநூறு, எண்ணூறு கிராம். கல்லுப்பை அப்படியே போடாதிய, ரவைப் பதத்துக்கு உடைச்சு, சதைப் பக்கம் காலு, கழுத்து, ஓரச் சுருட்டு எல்லாம் உள்ளங்கையால தேய்க்கணும். ஓரம் சுருண்டிருந்தா அந்தச் சுருட்டுக்குள்ள உப்பு போவாது, அங்கதான் நாறும். சரிவான பலகையில போட்டா ரத்தத் தண்ணி வடியும். மறுநாள் நனைஞ்ச உப்பை உதறிட்டு, முந்தினதுல பாதி அளவு புது உப்பு. உதறின உப்பைத் திரும்ப எடுக்காதிய, அடுத்த தோலுல செவப்புத் திட்டு விழுந்து மேல்தோல் கெட்டுப்போவும்.

கொடை அன்னைக்கு ஒரே நேரத்துல பத்து இருபது கெடா விழும். ஒவ்வொண்ணா வீட்டுக்குக் கொண்டுபோயி உப்பு போடலாம்னு நெனச்சா முடியாது. உப்பு மூட்டையைக் கோயிலுக்கே கொண்டுட்டுப் போயிருங்க. உரிக்கிறவககிட்ட முன்கூட்டியே சொல்லி, கத்தியை விட்டுக் கை முட்டியால தள்ளி உரிக்கச் சொல்லுங்க. சதைப் பக்கம் கத்தி பட்ட கீறல் இப்பத் தெரியாது, பட்டையில போட்டு இழுக்கும்போது அப்படியே பிளந்துகிட்டு வரும். உடைமுள்ளு கீறின தழும்பும் அப்பத்தான் தெரியும், அதுக்கு வெட்டுறப்பத்தான் ஒதுக்கணும், வேற வழி இல்ல.

உப்புத்தோலை ஊறவைக்கிறப்பவும் வெறும் தண்ணியில ராத்திரி முழுக்கப் போடாதிய. லிட்டருக்கு அம்பது கிராம் உப்பு, ரெண்டு மூணு மணி நேரம், முயலுக்கு அவ்வளவுதான்.

ஆவாரங்காடு:

தம்பி சொன்னது அத்தனையும் நிஜம். நீலக் கறுப்புத் திட்டு விட்டுப்போச்சு. அது இரும்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் பழைய காலத்து எழுத்து மை. வாளியின் கைப்பிடி, துருப்பிடித்த ஆணி, ஈரத்தோலில் வைத்த அரிவாள் எதுவானாலும் போதும். போர்வெல் தண்ணீரிலும் இருக்கலாம். ஒரு டம்ளர் பட்டைத் தண்ணீரில் உங்க போர்வெல் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்க. சாம்பல் நீலமாக மாறினால் அந்தத் தண்ணீர் சுண்ணாம்போடு நிற்கட்டும். பட்டைக்கு மழைத்தண்ணீர் அல்லது ஆற்றுத்தண்ணீர்தான். பிளாஸ்டிக் டிரம், மண்பானை, மரத்தொட்டி தவிர வேறு எதிலும் ஊறல் போடாதீங்க. புதுத் திட்டு என்றால் லிட்டருக்குப் பத்து கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துத் துடைத்து உடனே அலசினால் பெரும்பாலும் போகும்.

இனி முயலுக்கு வருகிறேன். மூணு நாலு தோலுக்கு: 250 கிராம் படிகாரத்தை ரெண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்க. தனிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரில் 125 கிராம் உப்பு, 60 கிராம் சலவை சோடா. இந்த சோடாத் தண்ணீரைப் படிகாரத் தண்ணீரில் நூல் மாதிரி ஊற்றி, ஊற்ற ஊற்றக் கலக்கணும். நுரை பொங்கும். வேகமாகக் கவிழ்த்தால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்காரும், அது தோலுக்குள் போகாது, அத்தனையும் வீண். இன்னொன்று, 60 கிராம் என்பது ஈரம் பிடித்த கண்ணாடிக் கட்டி சோடாவுக்கு. கடையில் வெள்ளைப் பொடியாக வருகிற காய்ந்த சோடா என்றால் 22, 23 கிராமே போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் பொடியை அதே எடைக்குப் போட்டுக் கெடுப்பவர்கள் அதிகம். சமையல் சோடா வேறு சரக்கு, அது வேண்டாம்.

தோல் ரெண்டு நாள் ஊறியதும் எடுத்துச் சதைப் பக்கச் சவ்வை உரிங்க. பச்சையாக இருக்கும்போது கூடவே தோலும் கிழிந்து வரும், ரெண்டு நாள் ஊறலுக்கு அப்புறம் பிட்டத்தில் ஆரம்பித்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். திரும்ப ஊறலில் ரெண்டு மூணு நாள். இளம் முயல் தோல் காகிதம் மாதிரி, சாமானுக்கு நிற்காது. மயிர் மாற்றுகிற பருவத்துத் தோலும் ஆகாது. கறுப்பு, சாம்பல் முயலில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம், சதைப் பக்கம் நீலமாகப் படை படர்ந்திருக்கும். வெள்ளை முயலில் அது தெரியாது, மயிரை இழுத்துத்தான் பார்க்கணும்.

வில்லும் உடுக்கும்:

ஒரு சின்ன விஷயம், குழப்பம் வேண்டாம் என்று சொல்கிறேன். வில்லுப்பாட்டு உடுக்கு, பறை, தோல்பாவை இதற்கெல்லாம் தோலைப் பட்டையிலோ படிகாரத்திலோ போடுவதில்லை. மயிரும் சதையும் நீக்கிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத் தோல்தான். அந்த விறைப்புதான் நாதம், பாவைக்கு அந்த மெல்லிசும் ஒளி ஊடுருவலும்தான் உயிர். பதனிட்ட தோலைக் கட்டினால் தொய்ந்து "தொப்" என்கும். அதனால் சுண்ணாம்பு மட்டும் முடிந்து, பட்டைக்குப் போகாமல் விறைத்துப்போன நல்ல தோல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள், விளக்குக் கூண்டு, சிறு உடுக்கு எல்லாம் செய்யலாம்.

அதோடு, யாராவது உடும்புத் தோல், காட்டு முயல், கீரி, மரநாய் என்று கொண்டுவந்தால் கையால் தொடக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். முன்பு உடும்புத் தோல் கட்டிய கஞ்சிராவுக்கே இப்போது ஆட்டுத்தோல் கட்டி நன்றாக வாசிக்கிறார்கள். உடும்பு நம் காட்டில் இருக்கட்டும்.

கால்நடை வைத்தியம்:

சேர்த்துக்கொள்ள ஒன்று. வெட்டிய ஆடு வேறு, செத்த ஆடு வேறு. திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த ஆட்டை அறுக்கவும் கூடாது, உரிக்கவும் கூடாது. அந்தக் கிருமியின் வித்து உப்பிலும் சாகாது, காய்ந்த தோலிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும், கைக் கீறல் வழியாக மனிதருக்கு ஏறும். உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். ஆரோக்கியமான ஆட்டுத் தோலானாலும் கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் கையுறை இல்லாமல் சதை சீவாதீர்கள்.

நாங்குநேரி கைவேலை:

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. ஊறல் முடிந்ததும் மெதுவாக்குவது எப்படி? வெயிலில் காயவைத்துப் பிறகு தேங்காய் எண்ணெய் தடவுகிறோம், பிசுபிசுப்புதான் மிச்சம். அப்புறம் படிகாரத் தோலில் பை செய்தால் மழையில் நனையலாமா?

ஆவாரங்காடு:

காய்ந்த பிறகு எண்ணெய் போட்டால் அது மேலேயே நிற்கும். ஈரம் இருக்கும்போதே போடணும். தண்ணீர் வெளியேற வெளியேற அந்த இடத்துக்கு எண்ணெய் இறங்கும். பட்டைத் தோலை அலசி, பலகையில் விரித்துத் தண்ணீரை வழித்து எடுத்துவிட்டு, ஈரத்தோல் கிலோவுக்கு 50 கிராம் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ. சதைப் பக்கம் தாராளமாக, மயிர்ப் பக்கம் கை பட்ட அளவுக்கு. புங்கம் கொஞ்சம் நிறம் கூட்டும், வாடையும் சில நாள் இருக்கும், ஆனால் ஆவாரந்தோலுக்குக் காலங்காலமாகப் பழகின எண்ணெய் அதுதான். முயலுக்குத் தோல் ஒன்றுக்கு ஒரு முட்டை மஞ்சள் கருவை வெதுவெதுப்பான நீரில் அடித்துச் சதைப் பக்கம் மட்டும் தேயுங்க, மயிரில் படாமல்.

காயவைப்பது நிழலில்தான். உங்க நாங்குநேரிப் பக்கம் ஆடிக்காற்று அடிக்கிற அடிக்கு நிழலில் தொங்கவிட்டாலே ஓரம் ரெண்டு மணி நேரத்தில் விறைத்துவிடும், நடு ஈரமாகவே இருக்கும். அந்த மாசத்தில் ஈரச் சாக்கை ஓரத்தில் சுற்றி, எல்லாம் ஒரே சீராகக் காய விடுங்க.

இப்பத்தான் உண்மையான வேலை. முக்கால்வாசி காய்ந்த தோலின் ஒரு மூலையைப் பிடித்துக் குறுக்கே இழுங்க. இழுத்த இடம் பளிச்சென்று வெளுத்தால் நேரம் வந்தாச்சு. வெளுக்காமல் கண்ணாடி மாதிரி கறுத்தே நின்றால் ஈரம் ஜாஸ்தி, காத்திருங்க. வெளுக்கத் தொடங்கியதும் தாம்புக்கயிற்றைத் தூணில் இழுத்துக் கட்டி, சதைப் பக்கம் கயிற்றில் படும்படி தோலை இப்படியும் அப்படியும் இழுத்து உரசணும். கால் மணி நேரம் இழுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி. முழுக்கக் காய்ந்து கை குளிர்ச்சி தெரியாமல் போகும்வரை விடக்கூடாது. பாதியில் சாப்பிடப் போகணும் என்றால் ஈரத்துணியில் சுருட்டி வைத்துவிட்டுப் போங்க. விறைத்துப்போன தோலை முரட்டுத்தனமாக மடிக்காதீங்க, நனைத்த துணியால் சதைப் பக்கம் துடைத்து, ஒரு ராத்திரி சுருட்டி வைத்து, மறுநாள் முதலில் இருந்து இழுங்க. நன்றாக வெந்த தோல் ரெண்டாம் தடவையும் இளகும்.

படிகாரத் தோல் மழைக்கு ஆகாது. படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும், தோல் பழையபடி பச்சைத் தோலாகிவிடும், காய்ந்தால் விறைக்கும். உள்பட்டி, பொம்மை, பை ஓரத்தில் அலங்காரம், இப்படி நனையாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்க. தோளில் மாட்டுகிற பைக்கும் சுருக்குப்பைக்கும் பட்டைத் தோல்தான்.

உப்பும் தோலும்:

செம்மறித் தோலு கெடச்சா இதே கணக்குல போடாதிய அக்கா. அதுல கொழுப்பு ஜாஸ்தி, மேல்தோலும் அடித்தோலும் தனித்தனியாப் பிரியும். சுண்ணாம்பு எடுத்த பெறவு வெதுவெதுப்பான தண்ணியில சோப்புத்தூள் போட்டு ரெண்டு தடவை கொழுப்பை வழிச்சு எடுத்துட்டு அப்புறம் பட்டைக்குப் போங்க. கம்பளி ஆட்டை விட நம்ம பக்கத்து மயிர்ச் செம்மறி கெட்டி, அதைத் தேர்ந்து எடுங்க.

கழிவுத் தண்ணியையும் சொல்லிருதேன். உப்புத் தண்ணியைத் தென்னை மூட்டுலயோ கெணத்துப் பக்கமோ ஊத்தாதிய. ஒரு சிமெண்டுத் தொட்டியில வெயில்ல வத்த விட்டு, உப்பைச் சொரண்டி எடுத்துருங்க. சுண்ணாம்புத் தண்ணியைத் தெளிய வெச்சு, அடியில படிஞ்சதைக் காயப் போடுங்க. மயிரும் சக்கைப் பட்டையும் எருக்குழிக்கு நல்லது. மயிர் மக்க ஒரு வருசத்துக்கு மேல ஆவும், அதனால அதைச் சாணத்தோட கலந்து அடியில போடுங்க.